பழைய நின்டெண்டோ கன்ட்ரோலரை வெட்டாமல் வயர்லெஸ் ஆக்குவது எப்படி

1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த என்இஎஸ் (நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் பெட்டி) கன்ட்ரோலர்தான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்றது. எட்டே பட்டன், உள்ளே ஒரே ஒரு சிப், ஐந்தே ஒயர். வேலை முடிந்ததும் ஆண்ட்ராய்டு போன், கம்ப்யூட்டர், ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ப்ளூடூத் கேம்பேடாக ஓடும். பழைய என்இஎஸ் பெட்டியோடு மட்டும் நேரடியாகச் சேராது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பழைய கேபிளை வெட்டாதீர்கள். இத்தனை வருடம் தாங்கிய பொருள் அது, நாளைக்கே பழைய பெட்டியில் செருகி விளையாட ஆசை வந்தால் திருப்பி மாற்ற வழி இருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: ஷியாவ் ஈஎஸ்பி32-சி3 போர்டு (ப்ளூடூத் உள்ள, புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய குட்டி போர்டு, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, பேட்டரி சார்ஜ் செய்யும் வசதியும் அதிலேயே உண்டு), 3.7 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி, சின்ன ஸ்லைடு ஸ்விட்ச், மெல்லிய ஒயர். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் கையில் இருக்கட்டும். போர்டு எத்தனை மில்லியாம்பில் சார்ஜ் செய்கிறது என்று பார்த்து, அந்த எண்ணைவிடக் குறைந்த மில்லியாம்ப்-ஹவர் (mAh, பேட்டரியின் கொள்ளளவு) கொண்ட பேட்டரியைத் தவிர்த்துவிடுங்கள், சூடாகி உப்பிவிடும்.

சரி, திறக்கலாம். பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ. திறந்ததும் கேபிள் எந்த வழியில் வளைந்து போகிறது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ரப்பர் பேடுகளையும் போர்டின் கறுப்புத் தொடுபுள்ளிகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் பட்டன்கள் நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது ஒயர்களைக் கண்டுபிடிப்பது, அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இதுதான். ஒரிஜினலில் வெள்ளை பவர், பழுப்பு கிரவுண்ட், ஆரஞ்சு லாட்ச் (பட்டன்களின் நிலையைப் பதிவு செய்யச் சொல்வது), சிவப்பு க்ளாக் (அடுத்த பட்டனைக் கேட்பது), மஞ்சள் டேட்டா (பட்டனின் நிலையைச் சொல்வது). ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நான் ஒருமுறை வேறு தயாரிப்புக் கன்ட்ரோலர் ஒன்றில் நிறத்தைப் பார்த்தே இணைத்து, பவரும் கிரவுண்டும் இடம் மாறி, சிப் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. சிப்பின் மேல் 4021 என்ற எண் இருக்கும். மல்டிமீட்டரை பீப் நிலையில் (இரு முனைக்கும் இணைப்பு இருந்தால் சத்தம் போடும்) வைத்து அதன் கால்களோடு ஒயர்களை ஒத்துப் பாருங்கள்: 16 பவர், 8 கிரவுண்ட், 9 லாட்ச், 10 க்ளாக், 3 டேட்டா. எது எது என்று எழுதி வைத்துக்கொண்டு, ஐந்து ஒயரையும் ஈயத்தை உருக்கி எடுத்து, கேபிளை முழுசாகச் சுருட்டிப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த ஐந்து துளைகளிலும் புது ஒயர் வைத்துப் பற்றவையுங்கள். பவர் ஒயர் ஷியாவ் போர்டின் 3.3 வோல்ட் காலுக்குப் போக வேண்டும், 5 வோல்டுக்கு அல்ல. 4021 சிப் 3 வோல்டிலிருந்தே ஓடும், ஆனால் ஈஎஸ்பி32 உள்ளீடுகள் 5 வோல்டைத் தாங்காது. கிரவுண்ட் ஒயர் போர்டின் கிரவுண்ட் காலுக்கு, லாட்ச் டி3 காலுக்கு, க்ளாக் டி4-க்கு, டேட்டா டி5-க்கு. டி8, டி9 கால்களைத் தொடாதீர்கள், போர்டு ஆன் ஆகும்போது அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது.

புரோகிராமை ஆர்டுவினோவில் (இப்படிப்பட்ட போர்டுகளுக்கு புரோகிராம் எழுதும் மென்பொருள்) எழுதலாம், ஈஎஸ்பி32 பிஎல்இ கேம்பேட் என்ற லைப்ரரி, அதாவது தயாராக எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு, ப்ளூடூத் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் எழுத வேண்டியது பட்டனைப் படிக்கும் பகுதி மட்டும். லாட்சை 12 மைக்ரோ விநாடி உயர்த்தி இறக்கினால் எட்டு பட்டனின் நிலையும் சிப்பில் பதிவாகிவிடும், முதல் பட்டன் அப்போதே டேட்டா ஒயரில் நிற்கும். அதைப் படித்துவிட்டு க்ளாக்கை ஒருமுறை உயர்த்தி இறக்கினால் அடுத்தது வரும். வரிசை ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. அழுத்திய பட்டன் 0, அழுத்தாதது 1, இது தலைகீழாக இருப்பதால் பலர் குழம்புவார்கள். விநாடிக்கு 60 முறை படித்தால் போதும்.

மூடுவதற்கு முன்பே போனில் இணைத்து எட்டு பட்டனையும் சோதித்துவிடுங்கள். அப்புறம் பேட்டரி. பிளஸ், மைனஸ் ஒயர்களை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே பற்றவையுங்கள். பிளஸ் ஒயரின் நடுவில் ஸ்விட்ச், அது கேபிள் வெளியே வந்த துளை வழியாக எட்டினால் புதிதாக எதையும் துளைக்க வேண்டாம். சார்ஜ் போடும்போது ஸ்விட்ச் ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரிக்குக் கரண்டே போகாது. ஸ்க்ரூ தாங்கும் தூண்கள் எதுவும் பேட்டரியை அழுத்தாத இடமாகப் பார்த்து வைத்து, மூடி தானாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தால் திறந்து இடத்தை மாற்றுங்கள்.