பீலித் தண்ணீரை அளந்து வரைபடமாக்குவது எப்படி

மலையகத்தில் நிலத்தடி நீர் என்றால் குழாய்க்கிணற்றை விட ஊற்றும், ஊற்றுநீர் குழாய் வழியாக விழும் பீலியும்தான் முன்னுக்கு வரும். உக்கிய பாறைமண்ணுக்குள் இறங்கும் மழை, கீழே கெட்டிப் பாறையில் முட்டிச் சரிவில் வெளியே வருகிறது. பீலிக்கு மேலே சரிவில் என்ன இருக்கிறதோ அதுதான் தண்ணீரிலும் இருக்கும்.

ஆகவே போத்தலை எடுப்பதற்கு முன் மேலே ஏறிப் பாருங்கள். முகடு வரைக்கும் போய் மேட்டு லயத்துக் கக்கூஸ் குழி, மாட்டுப்பட்டி, மரக்கறித் தோட்டம், உர ஸ்டோர் எல்லாவற்றையும் குறியுங்கள். தேயிலை மலைக்கு உரம் போட்ட திகதியையும், கவ்வாத்து வெட்டிய (கிளை தறித்த) மலைக்கு டொலமைற் தூள் போட்ட திகதியையும் கங்காணியிடம் கேட்டு எழுதுங்கள். டொலமைற் தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். திகதி தெரியாவிட்டால் அதைப் பாறையின் குணமென்று நினைத்துவிடுவீர்கள்.

ஒவ்வொரு பீலியிலும் வறட்சி முடியும்போது ஒரு தடவை, மழை பிடித்த பிறகு ஒரு தடவை எடுக்க வேண்டும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. பதுளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை. இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் எடுத்தால் ஒன்றின் மழையை மற்றதன் வறட்சியோடு ஒப்பிட்டதாகிவிடும்.

தொட்டித் தண்ணீர் வேண்டாம், பீலி வாயிலேயே பிடியுங்கள். இந்த நீரில் கரைந்த உப்பு குறைவு. அந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றரை 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலில் மட்டும் சரிபார்த்தால் 60க்கும் 90க்கும் உள்ள வித்தியாசத்தை நம்ப முடியாது. 84 கரைசலும் தேவை. பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) நிலைக்கச் சில நிமிடங்கள் ஆகும், முதலில் காட்டுவதை எழுதிவிடாதீர்கள். பிஎச்சை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். போத்தலில் கொண்டுபோனால் காபனீரொட்சைட்டு வெளியேறி எண் ஏறிவிடும்.

கிருமிப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய போத்தல். இரும்புக் குழாயின் வாயில் நெருப்புக் காட்டலாம். பிவிசி உருகும், ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். மூடியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருங்கள். போத்தலில் 2 சென்ரிமீற்றர் வெற்றிடம் விடுங்கள். குளோரின் போட்ட தண்ணீரென்றால் போத்தலில் சோடியம் தயோசல்பேற்று இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுப்பது நல்லது, 24ஐத் தாண்டவே கூடாது. பஸ் நேரத்தைப் பார்த்து, பின்னோக்கி எண்ணி, எந்தப் பீலியை எப்போது எடுப்பதென்று முடிவு செய்யுங்கள்.

அறிக்கை வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்எல்எஸ் 614 (2013) நைத்திரேற்றுக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் எழுதும், அதை 4.43ஆல் பெருக்க வேண்டும். தாளில் 12 என்று சாதுவாக இருப்பது உண்மையில் 53. மலம் கலந்ததைக் காட்டும் கிருமியான ஈ.கோலை 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. பிஎச் 6.5க்குக் கீழே வந்தால் பதற வேண்டாம், ஆனால் அந்தத் தண்ணீர் இரும்புக் குழாயை அரிக்கும்.

நைத்திரேற்றோடு குளோரைட்டும் ஏறினால் கக்கூஸ் குழிதான் காரணம் என்று முடிவு கட்டுவார்கள். தேயிலை மலையில் அப்படிச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் எம்ஓபி உரமே பொட்டாசியம் குளோரைட்டு. ஈ.கோலையும் இருக்கிறதா, உரம் போட்ட திகதிக்குப் பிறகுதான் ஏறியதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இனி வரைபடம். இலங்கை வரைபடங்களின் ஆள்கூற்றுக் கட்டத்துக்கு மூலப்புள்ளி பிதுருதலாகல மலை. பழைய கட்டத்தில் அதன் ஆள்கூறு 200,000, 200,000. 1999 கட்டத்தில் 500,000, 500,000. எண்ணைப் பார்த்தாலே எந்தக் கட்டமென்று தெரியும். போனின் ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலக ஆள்கூற்று முறை. கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் 1999 கட்டத்தின் குறியீடான இபிஎஸ்ஜி 5235ஐத் தெரிவு செய்து முறையாக மாற்றாவிட்டால் பீலி நூறு மீற்றருக்கு மேல் நகர்ந்து அடுத்த ஓடைக்குள் போய் நிற்கும்.

புள்ளிகளுக்கு இடையே மென்பொருளைக் கொண்டு வண்ணம் பூச வைப்பதுதான் இங்கே பெரிய தவறு. அது நேர்கோட்டுத் தூரத்தைத்தான் பார்க்கும், முகடு அதன் கண்ணுக்குத் தெரியாது. முகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 200 மீற்றர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பீலிகள் வேறு வேறு தண்ணீர். உயரக் கோடுகளை வைத்து ஒவ்வொரு பீலிக்கும் நீர் சேரும் சரிவை வரைந்து, அந்தச் சரிவுக்கு மட்டும் நிறம் கொடுங்கள். மாதிரி எடுக்காத சரிவு வெள்ளையாகவே இருக்கட்டும்.

வறட்சிக்கு ஒரு படம், மழைக்கு ஒரு படம். இரண்டையும் சராசரியாக்கினால், உரம் போட்டு மழை பிடித்த பிறகு மட்டும் 50ஐத் தாண்டும் பீலி நல்ல பீலிகளோடு சேர்ந்துவிடும்.