ராண்டேவூவில் ரிப்ஸ்: முதல்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள சார்லி வெர்கோஸ் ராண்டேவூ, ரிப்ஸுக்கு, அதாவது எலும்போடு வாட்டிய பன்றி விலா இறைச்சிக்குப் பேர்போன கடை. ஆவலோடு போய் முகம் வாடித் திரும்புகிறவர்களும் உண்டு. வேறு ஊர் பார்பிக்யூவை மனதில் வைத்துக்கொண்டு அங்கே உட்காருவதால் வரும் வினை இது.

தொட்டால் எலும்பை விட்டுக் கழன்று விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. பல ஊர்களில் விறகுப் புகையில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். அங்கே இறைச்சி குழைந்து வரும். ராண்டேவூவின் வழி வேறு. கிரேக்கக் குடும்பத்தில் பிறந்த சார்லி வெர்கோஸ் 1948-இல் தொடங்கிய கடை இது. ஆரம்பத்தில் சாண்ட்விச்தான் விற்றார். கட்டடத்தின் நிலவறையை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, நிலக்கரி கொட்டுவதற்காக எந்தக் காலத்திலோ வைத்த வழி ஒன்று கண்ணில் பட்டது. புகை போக இடம் கிடைத்ததும் அங்கேயே அடுப்பு மூட்டினார். ரிப்ஸ் அதற்குப் பிறகு வந்ததுதான். இன்றும் கரித்தணலுக்கு நேர் மேலே வைத்து வாட்டி, வினிகர் கலந்த நீரைத் தடவி, மேலே மசாலாவைத் தூவித் தருகிறார்கள். அதனால் பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும். கடித்த இடம் மட்டும் சுத்தமாக வர வேண்டும், மற்றது எலும்போடு நிற்க வேண்டும். கான்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் போட்டிகளில்கூட, கழன்று விழும் ரிப்ஸை அளவுக்கு மீறி வெந்தது என்றுதான் நடுவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

தட்டு வந்ததும் சாஸ் பாட்டிலை எடுத்துக் கவிழ்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசே கேட்காது. முதல் இரண்டு எலும்பையாவது அப்படியே சாப்பிடுங்கள். மேலே செம்பழுப்பாக மசாலாப் பொடி, அதன் அடியில் வினிகரின் ஈரம், ஓரங்களில் தீப்பட்டுக் கருகிய கொழுப்பு. ஓரிகானோவின் வாசனை மூக்குக்கு எட்டும். பன்றிக்கொழுப்பின் திகட்டலை வினிகரின் புளிப்பு அடக்கும். இனிப்பு சாஸ் ஊற்றினால் இதெல்லாம் அமுங்கிப்போகும். தணலுக்கு நேர் மேலே வாட்டும்போது சர்க்கரை சேர்ந்த சாஸ் சீக்கிரம் கருகிக் கசந்துவிடும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். இந்த அடுப்புக்குப் பொருந்துவது உலர்ந்த மசாலாதான். அதன் பிறகும் சாஸ் வேண்டுமென்றால் தாராளமாகத் தொட்டுக்கொள்ளலாம்.

முகவரி சவுத் செகண்ட் ஸ்ட்ரீட் என்று இருக்கும். அதை நம்பித் தெருவில் வாசலைத் தேடாதீர்கள். வாசல் பக்கத்துச் சந்துக்குள் இருக்கிறது. பீபாடி ஹோட்டல் எதிரேதான். அங்கே மாலை 5 மணிக்கு ஹோட்டல் வளர்க்கும் வாத்துகள் சிவப்புக் கம்பளத்தில் ஊர்வலம் போவதைப் பார்த்துவிட்டு நேராகச் சாப்பிட வந்துவிடலாம். ஞாயிறும் திங்களும் மூடி வைப்பது இந்தக் கடையின் நெடுநாள் வழக்கம். கிளம்பும் முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து அரங்கில் கூடைப்பந்து ஆட்டம் இருக்கும் மாலையிலும், மே மாதத்தில் ஊரில் பார்பிக்யூ போட்டி நடக்கும் நாட்களிலும் காத்திருக்க நேரிடலாம். அந்தப் போட்டி 1978 முதல் நடக்கிறது.

ஆர்டர் செய்வதிலும் அவசரம் வேண்டாம். சாசேஜும் சீஸும் வைத்த தட்டு அங்கே பிரபலம். அதை மேசைக்கு ஒன்று சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதோடு ஆளுக்கொரு முழு ஸ்லாப், அதாவது விலா எலும்புகளின் முழு வரிசை என்றால் பாதி மிஞ்சும். அரை ஸ்லாப் தாராளம். பல்லாண்டு காலமாக அங்கேயே பரிமாறும் பணியாளர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு போதும் என்று அவர்களையே கேட்டுவிடலாம். பன்றி சாப்பிடாதவர்களுக்குக் கோழியும் மாட்டிறைச்சியும் உண்டு, ஆனால் பன்றி வாட்டும் அதே சமையலறைதான். கிளம்பும்போது டிப்ஸை மறந்துவிடாதீர்கள். பில்லில் 20 சதவீதம் வைப்பது அந்த ஊர் வழக்கம்.

மிஞ்சியதை அறைக்கு எடுத்துப்போனால் மைக்ரோவேவில் நேரடியாக வைக்காதீர்கள், இறைச்சி ரப்பராகிவிடும். ஓவன் அடுப்பு இருந்தால், ஒரு ஸ்பூன் வினிகரைத் தண்ணீரில் கலந்து தெளித்து, அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றி, குறைந்த சூட்டில் வையுங்கள். உள்ளே சூடு ஏறியதும் தாளைப் பிரித்து, மேல்பக்கம் காயும்வரை இன்னும் சில நிமிடம் விட்டால் போதும்.