குழாய்க்கிணறு நீரை ஏற்காவிட்டால் அமுக்கத்தைக் கூட்டாதீர்கள்

மாரி மழை நீரைக் கடலுக்கு ஓடவிடாமல் குழாய்க்கிணற்றின் வழியே நிலத்துக்குள் இறக்குவோர் செய்யும் தவறுகளில் முதன்மையானது, கிணறு நீரை ஏற்கத் தயங்கும்போது பம்பியின் அமுக்கத்தைக் கூட்டுவதாகும். ஒரே அளவு நீரை விட்டுக்கொண்டிருக்கும்போது கிணற்றின் நீர்மட்டம் நாளுக்கு நாள் கூடுதலாக ஏறுகிறதென்றால், குழாயின் துளைகளோ கல்லின் வெடிப்புகளோ சேற்றால் அடைபடுகின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். அமுக்கம் அந்தச் சேற்றை இன்னும் உள்ளே தள்ளி இறுக்குவதோடு, உறைக்குழாயைச் சுற்றி இட்ட சீமெந்து அடைப்பையும் பிளந்துவிடும். யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் பக்கத்து வளவொன்றில், பம்பியைப் பூட்டி அரை மணித்தியாலம் ஆகுமுன்னரே மேடையின் விளிம்பில் கலங்கல் நீர் கொப்பளித்ததை நான் பார்த்திருக்கிறேன். 10 மீற்றர் நீர்நிரல் ஏறத்தாழ 1 பார் அமுக்கத்துக்குச் சமம். நீர்மட்டம் 8 மீற்றர் கீழே இருக்கும் கிணற்றை வாய்வரை நிரப்பினாலே 0.8 பார் கிடைத்துவிடும். அதற்கும் இணங்காத கிணற்றைக் கழுவித்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது, அவ்வளவாக எவரும் கவனிக்காத வளி. நீரை மேலிருந்து அருவிபோல் விழவிட்டால் அது குமிழிகளையும் இழுத்துச் சென்று வெடிப்புகளை அடைக்கும். ஆகவே இறக்குகுழாயின் முனை எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும். அதுமட்டும் போதாது. பாய்ச்சலை மேலேயுள்ள வால்வால் மட்டும் குறைத்தால், வால்வுக்குக் கீழே குழாய் முழுதாக நிரம்பாமல் அமுக்கம் வெளிவளியினதைவிடத் தாழ்ந்து, மூட்டுகளின் வழியே வளி உள்ளே வரும். மூட்டில் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள். நுரை உள்ளே இழுபட்டால் சந்தேகமே வேண்டாம். குழாயின் அடிமுனையில் சிறுதுளை கொண்ட மூடியைப் பொருத்தினால் குழாய் மேல்வரை நிரம்பியே இருக்கும். வால்வைப் படாரென்று பூட்டுவதும் கூடாது. ஓடும் நீர் திடீரென நிற்பதால் எழும் அதிர்ச்சி பிளாஸ்டிக் குழாயின் மூட்டுகளைக் கழற்றிவிடும்.

எங்கள் யாழ்ப்பாணத்து நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதன் குகைகளும் வெடிப்புகளும் நீரை விரைந்து ஏற்பதால் எதையும் தாங்கும் கிணறென்று தோன்றும்; ஆனால் அவை நீரை மணலைப்போல வடிகட்டுவதில்லை, கூரையின் எச்சமும் தோட்டத்து உரமும் அயல்வீட்டுக் கிணற்றுக்கு அப்படியே போய்ச்சேரும். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழைக்கு ஏறத்தாழ 1,000 லீற்றர் சேரும் என்பதால், முதல் மழையை வெளியே விட்டு, மிகுதியைத் தாங்கியில் தெளியவைத்து, மணல் வடியின் ஊடாக மெதுவாக இறக்குவதே முறை. நன்னீர் இங்கே உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதப்பதால், துளையை உவர்ப்படைவரை ஆழமாக்கினால் இறக்கிய நன்னீர் அங்கே கலந்து வீணாகும்.

பாய்ச்சல் வீதத்தையும் நீர்மட்டத்தையும் ஒவ்வொரு முறையும் ஒரு கொப்பியில் பதிந்துவாருங்கள். அதே வீதத்துக்கு மட்டம் முன்னையதைவிட உயரத் தொடங்கியவுடன் இறக்குவதை நிறுத்தி, தெளிந்த நீர் வரும்வரை கிணற்றை இறைத்துவிடுங்கள்.