வேகமாகப் பாடம் நடத்தும் பள்ளியில் எந்த வகுப்பில் சேர்ப்பது?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அம்மாப்பேட்டையில் என் டியூஷன் வாசலுக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். "டீச்சர், பையன் அஞ்சு முடிச்சுட்டான். புது ஸ்கூல்ல ஆறாவதுலயே ஏழாவது பாடம் நடத்துறாங்களாம். ஆறுல போடவா, திரும்பவும் அஞ்சுலயே போடவா?" நல்ல மார்க் வாங்கும் பெண்ணை நேராக ஏழில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு.

முதலில் பள்ளியிடம் கேளுங்கள்: எந்தப் பாடத்தில், எவ்வளவு முந்திப் போகிறீர்கள்? கணக்கும் அறிவியலும் மட்டும் முந்துகின்றன, மற்றவை வழக்கமான வேகம்தான் என்றால், வகுப்பையே மாற்ற வேண்டியதில்லை. கணக்கைக் கோடை விடுமுறையில் பிடித்துவிடலாம். "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஆறில் சேர்க்க நினைத்தால், அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்குச் சென்ற ஆண்டு வைத்த முழு ஆண்டுத் தேர்வுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து மேசைப் பிள்ளை என்னென்ன படித்துவிட்டு வந்து உட்காரும் என்பது அதில் தெரிந்துவிடும்.

அந்தத் தாளை வீட்டில் நேரம் வைத்து எழுத விடுங்கள். மார்க்கைக் கூட்டுவதற்கு முன் தவறுகளைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது பின்னமும் தசமமும்தான். முக்காலோடு ஐந்தில் இரண்டைக் கூட்டச் சொன்னால், மேலே மூன்றும் இரண்டும் ஐந்து, கீழே நான்கும் ஐந்தும் ஒன்பது என்று எழுதுகிறாளா? 0.45, 0.6 இரண்டில் எது பெரியது என்றால் 0.45 என்கிறாளா? அப்படியென்றால் மேல் வகுப்பு வேண்டவே வேண்டாம். சொந்த வகுப்பில் சேர்ப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். விகிதம், சதவீதம், இயற்கணிதம் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. வேகமாகப் போகும் பள்ளியில் இதைத் திரும்ப நடத்த ஆசிரியருக்கு நேரம் கிடைக்காது. வாய்ப்பாட்டில் தடுமாற்றம், கூட்டலில் கவனக்குறைவு மட்டும்தான் என்றால் பயப்படாதீர்கள், ஒரு கோடையில் சரியாகிவிடும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இன்னொரு சோதனை. ஆங்கில அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, அகராதி பார்த்துப் படித்துவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். விஷயம் பிடிபட்டால் வகுப்பைக் குறைக்காதீர்கள். செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண் ஒருத்தி என்னிடம் படித்தாள். கணக்கில் கெட்டி, ஆங்கிலம்தான் வாயில் வராது. சொந்த வகுப்பிலேயே சேர்க்கச் சொன்னேன். அரையாண்டுக்குள் பாடப் புத்தக ஆங்கிலம் பழகிவிட்டது. மொழிக்காக இப்படிப்பட்ட பிள்ளையின் ஒரு வருடத்தை எடுப்பதற்கு எனக்கு மனம் ஒப்பாது.

அப்புறம் வயது. ஒரு வகுப்பைத் தாண்டச் சொல்லும் பெற்றோரில் பாதிப் பேருக்கு டாக்டர் கனவு இருக்கும். நீட் எழுதிச் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் பிறந்து 2021-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வழக்கமாகப் போனால் 2033-இல் பன்னிரண்டை முடிக்கும், சிக்கல் இல்லை. ஒரு வகுப்பைத் தாண்டினால் 2032-இல் முடித்துவிட்டு, வயது போதாமல் ஒரு வருடம் வீட்டில் உட்காரும். பிறந்த மாதத்தை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பது, பத்து இரண்டையும் படித்தே ஆக வேண்டும், அங்கே தாண்ட வழியில்லை.

ஏற்காட்டு விடுதிப் பள்ளி என்றால் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். மேல் வகுப்பில் சேர்ந்தால் பல இடங்களில் படுக்கும் அறையும் மூத்த பிள்ளைகளோடுதான். மலைக் குளிரில் தானே எழுந்து குளித்து, துணியை மடித்து, வயிறு வலித்தால் வார்டனிடம் போய்ச் சொல்லத் தெரிந்த பிள்ளையா? இல்லையென்றால் மார்க் எவ்வளவு இருந்தாலும் சொந்த வயதுப் பிள்ளைகளோடு விடுங்கள்.

சேர்க்கும்போதே ஒன்று பேசிக்கொள்ளுங்கள். வகுப்பு பொருந்தவில்லை என்றால் எப்போது மாற்றித் தருவார்கள், கட்டிய பணம் என்னவாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். காலாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும் முதலில் சொன்னதைப் போலத் தவறுகளைப் பாருங்கள். மாற்றம் கேட்பதானால் அந்த வாரமே போய்க் கேளுங்கள், அரையாண்டு வரை தள்ளிப்போட வேண்டாம்.