டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவது கடைசி வேலை

பழைய பெட்ரோல் அம்பாசடர் மேட்டில் இழுக்கவில்லை, நாக்கிங் சத்தம் (எஞ்சினுக்குள் தட்டுவது போன்ற ஒலி) வருகிறது என்றால் பலர் உடனே டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) கிளாம்பைத் தளர்த்தி அப்படியும் இப்படியும் திருப்புவார்கள். சத்தம் நின்றதும் முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கோளாறு அங்கேயேதான் இருக்கும்.

முதலில் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் தொடுமுனைகள்) இடைவெளியைப் பாருங்கள். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பொதுவாக 0.35 முதல் 0.40 மி.மீ. கேமில் உரசும் ஹீல் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்தங்கும். இடைவெளியைக் கூட்டினால் டைமிங் முன்னே போகும். அதனால் டைமிங் வைத்த பிறகு பாயிண்டைத் தொட்டால் செய்த வேலை வீண். குழி விழுந்த பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து ஒப்பேற்றுவதும் வேண்டாம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு, குழிக்கு எதிரே எழும்பிய மேட்டில் தட்டித் தப்பான அளவு காட்டும். புதுசு போட்டும் சீக்கிரமே கருகினால் பாயிண்டில் பொறி பறக்காமல் அடக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்த தப்பு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைக்காமலே டைமிங் லைட் (ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னி டைமிங் குறியைக் காட்டும் விளக்கு) பிடிப்பது. ஐடில் அதிகமாக இருந்தாலும் தொல்லைதான்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் வேகத்தில் விரிந்து டைமிங்கை முன்தள்ளிவிடும், நீங்கள் பார்ப்பது உண்மையான அளவாக இருக்காது. லைட் கையில் இருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். புல்லியில் இருக்கும் டைமிங் குறி சீராக நகர வேண்டும். நகரவே இல்லை என்றால் எடைகள் துருவேறிச் சிக்கியிருக்கலாம். ஒரே இடத்தில் நிற்காமல் ஆடினால் ஷாஃப்ட் புஷ்ஷோ டைமிங் செயினோ தேய்ந்திருக்கும். எவ்வளவு திருப்பினாலும் சரியாகாது. வேக்குவம் டயாஃபிரம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கக் குழாயை வாயால் உறிஞ்சினாலே போதும், பாயிண்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டுபவர்கள் புல்லிக் குறியை மட்டும் நம்பி ஏமாறுவார்கள். கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குறி நேருக்கு வரும், முதல் சிலிண்டருக்கோ இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஸ்பார்க். ராக்கர் கவரைத் திறந்து நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் கைமாறும் நிலையில் (ஒன்று மூடிக்கொண்டே மற்றது திறக்க) இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை, 1-3-4-2.

நாக்கிங்குக்குப் பயந்து டைமிங்கை அளவுக்கு மீறிப் பின்னே தள்ளினால் எஞ்சின் சூடேறும், மைலேஜும் போகும். சத்தத்துக்குக் கார்பன் படிவோ பெட்ரோல் குறைந்த கலவையோகூடக் காரணமாக இருக்கலாம். ரொம்ப முன்னே வைத்தால் கிராங்க் ஹேண்டில் திருப்பி அடிக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள், மணிக்கட்டு தப்பும்.

கிளாம்பை இறுக்கும்போதும் டிஸ்ட்ரிபியூட்டர் சற்று நகரும். இறுக்கிய பிறகு மறுபடி ஒரு முறை லைட் பிடித்துப் பாருங்கள்.