பழைய டூல்பாரை முழுசா தூக்குறது எப்படி, அதுக்குப் பதிலா என்ன யூஸ் பண்ணலாம்

பிரவுசர் மேல கூடுதலா வந்து ஒட்டிக்கிற தேடல் பட்டைதான் டூல்பார், அதுக்குன்னு ஒரு காலம் இருந்துச்சு. கூகுள் டூல்பார் 2000 டிசம்பர்ல வந்தப்போ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல தேடுறதுக்குன்னு தனியா ஒரு பெட்டி கூட கிடையாது, தானா குதிக்கிற விளம்பர விண்டோவைத் தடுக்கிற பாப்அப் பிளாக்கரே 2004ல விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 அப்டேட் கூடதான் வந்துச்சு, அதனால அப்போ டூல்பார் போட்டவங்க தேவைக்குத்தான் போட்டாங்க. ஆனா 2021 கடைசியில கூகுளே அதை நிறுத்திடுச்சு, 2022 ஜூன்ல எக்ஸ்ப்ளோரருக்கும் சப்போர்ட் முடிஞ்சுது. இன்னைக்கு புதுசா ஒரு டூல்பார் தானா வந்து உக்காந்திருக்குன்னா, வேற ஏதோ ஃப்ரீ சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்றப்போ டிக் எடுக்காம நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்குனதுல கூடவே வந்ததாத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தூக்குறதுக்கு முன்னாடி புக்மார்க், பாஸ்வேர்டு ரெண்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க. பாஸ்வேர்டு ஃபைல்ல எல்லாமே அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும், வேலை முடிஞ்சதும் மறக்காம டெலீட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும் சேர்த்து.

அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஆப்ஸ் லிஸ்ட்டைத் திறந்து இன்ஸ்டால் ஆன தேதி வாரியா அடுக்குங்க. டூல்பார் வந்த அதே நாள்ல கூட வந்த தெரியாத பேரெல்லாம் பக்கத்துப் பக்கத்துல நிக்கும், என்னன்னு பார்த்துட்டு அன்இன்ஸ்டால் பண்ணுங்க. இதை விட்டுட்டு பிரவுசர்ல மட்டும் எடுத்தா, பின்னாடி ஓடுற புரோகிராம் திரும்பக் கொண்டுவந்து வச்சிடும். அப்புறம்தான் பிரவுசர்: எக்ஸ்டென்ஷன் லிஸ்ட், தேடுற இன்ஜின், ஹோம் பேஜ், திறந்ததும் வர்ற பக்கம், நோட்டிஃபிகேஷன் பர்மிஷன்னு எல்லாத்தையும் பாருங்க.

இவ்ளோ பண்ணியும் பிரவுசரைத் திறந்தா அதே பழைய தேடல் பக்கம்தான் வருதா? டெஸ்க்டாப்ல இருக்கிற ஷார்ட்கட்டை ரைட் கிளிக் பண்ணி ப்ராபர்ட்டீஸ் போங்க, டார்கெட்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல பிரவுசரோட ஃபைல் பேர் முடிஞ்ச பிறகு ஏதாவது வெப்சைட் முகவரி ஒட்டிட்டிருந்தா அந்தத் துண்டை மட்டும் அழிச்சு சேவ் பண்ணுங்க. டாஸ்க்பார்ல இருக்கிறது வேற ஷார்ட்கட், அதையும் தனியா பாக்கணும். நிறைய பேர் கோட்டை விடுற இடம் இதுதான். சொந்த கம்ப்யூட்டர்ல, நீங்களோ உங்க ஆன்டிவைரஸோ எதுவும் செட் பண்ணாமலே க்ரோம் மெனுவுல 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது'ன்னு வந்தா யாரோ பாலிசி, அதாவது பிரவுசர் செட்டிங்ஸைப் பூட்டி வைக்கிற விதி போட்டு வச்சிருக்காங்கன்னு அர்த்தம், இந்த மாதிரி வேண்டாத புரோகிராமைத் தேடி எடுக்கிற மால்வேர்பைட்ஸோட ஆட்வ்க்ளீனரை (AdwCleaner) ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஆபீஸ் லேப்டாப்ல அந்த வரி வர்றது சகஜம், அதுல கை வைக்காதீங்க.

மாற்றுன்னு பார்த்தா முக்காவாசி வேலையை பிரவுசரே பண்ணிடுது. தேடலுக்கு அட்ரஸ் பார் இருக்கு, மொழிபெயர்ப்பு, பாஸ்வேர்டு, ஃபார்ம் நிரப்புறது, ஸ்பெல்செக் எல்லாம் உள்ளேயே இருக்கு, பட்டை இல்லாம கை ஓடலன்னா கண்ட்ரோல் ஷிஃப்ட் பி அமுக்கினா புக்மார்க் பார் வந்துடும். எனக்கு ரொம்பப் பிடிச்சது சைட் சர்ச், அதாவது அட்ரஸ் பார்லேருந்தே நேரா ஒரு வெப்சைட்டுக்குள்ள தேடுறது. க்ரோம்ல சர்ச் இன்ஜின் செட்டிங்ஸ்ல சைட் சர்ச்னு இருக்கும், ஆட் அமுக்குங்க. தமிழ் விக்கிபீடியாவுல ஏதாவது ஒரு வார்த்தையைத் தேடி, வர்ற முகவரியைக் காப்பி பண்ணி அங்க ஒட்டுங்க, தேடுன வார்த்தை இருக்கிற இடத்துல சதவீதக் குறியும் ஒட்டுனாப்ல ஆங்கில சின்ன எஸ்-ஸும் (%s) போட்டு, ஷார்ட்கட்டுக்கு 'வி'ன்னு வச்சுக்கோங்க. இனிமே அட்ரஸ் பார்ல வி, டேப், அப்புறம் தேட வேண்டியது. எந்த டூல்பாரும் இவ்ளோ வேகமா இருந்ததில்ல!

அதையும் மீறி எக்ஸ்டென்ஷன் வேணும்னா போடுங்க, ஆனா எல்லா வெப்சைட்லயும் உங்க டேட்டாவைப் படிக்கவும் மாத்தவும் அனுமதி கேட்டா யோசிங்க. க்ரோம்லயும் எட்ஜ்லயும் அதோட டீடெய்ல்ஸ் பக்கத்துல, சைட் ஆக்சஸை கிளிக் பண்ணும்போது மட்டும்னு மாத்திக்கலாம். ஒரு எக்ஸ்டென்ஷனை ரொம்ப நாளா தொடவே இல்லன்னா ரிமூவ் பண்ணிடுங்க, வேணும்னா திரும்பப் போட ஒரு நிமிஷம்கூட ஆகாது.