மகளிர் குழுவைக் கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்கு அழைத்துப் போவது எப்படி?

எடுத்ததுமே புற்றுநோய் என்று ஆரம்பிக்காதீர்கள். "எனக்கு அதெல்லாம் ஒன்னும் இல்ல" என்று பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். குழுவில் சேமிப்புப் பணம் வசூலித்து முடிந்ததும், ஆண்கள் இல்லாத இடமாகப் பார்த்து, பத்துப் பேரோடு பேசினால் போதும்.

நோயைவிட, அந்த அறைக்குள் என்ன செய்வார்களோ என்பதுதான் நிறைய பேருக்குப் பயம். அதனால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். சேலையை அவிழ்க்க வேண்டாம், தூக்கிக்கொண்டு படுத்தால் போதும், நர்ஸ் ஒரு கருவியை வைத்துப் பார்த்து, வினிகர் மாதிரியான அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து அங்கே வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, இன்னொரு பரிசோதனை வேண்டும், அவ்வளவுதான். புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல வருடங்கள் ஆகும், அதற்குள் கண்டுபிடித்தால் முழுசாகத் தடுத்துவிடலாம்.

"நர்ஸ் பார்த்தா சரியா இருக்குமா?" என்று கேட்பார்கள். திண்டுக்கல் மாவட்டத்தைச் சொல்லுங்கள். அங்கே 2000-இல் தொடங்கி 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்களே ஒரே ஒரு முறை இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் இறப்பது, நடக்காத பகுதிகளைவிட 35 சதவீதம் குறைவு என்று 2007-இல் முடிவு வெளியானது.

அப்புறம், "இது எப்படி வருது" என்ற கேள்வி. மழுப்ப வேண்டாம். உடலுறவில் தொற்றும் எச்பிவி என்ற வைரஸ்தான் காரணம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது அது தொற்றித் தானாகவே போய்விடுகிறது, அதனால் இதை வைத்து யார் நடத்தையையும் சந்தேகப்படக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சண்டை வரும்.

30 வயது தாண்டியவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை செய்துகொள்ளலாம். மாதவிடாய் நாளைத் தவிர்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாள் பார்க்கிறார்கள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள். உறவுக்குப் பிறகு ரத்தம் வருகிறது, மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் படுகிறது என்று யாராவது காதோடு சொன்னால், அந்த நாளுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

திட்டு தெரிந்து, அடுத்த பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறவர்கள்தான் பயந்து பாதியில் நின்றுவிடுகிறார்கள். அப்படி யாராவது இருந்தால் அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, தேதி கேட்டு, அன்றைக்கு நீங்களும் அவரோடு பஸ் ஏறுங்கள்.